கதவின் வயதைக் கேட்டு வீட்டின் வயதைச் சொல்லப் போனேன்

2022 ஒக்ரோபரில் ஒரு மாலை, கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்றபடி கைபேசியில் ஒரு எக்செல் கோப்பைத் திறந்தேன். மொத்தம் 111 வரிகள். வரிக்கு ஒரு மணற்துணிக்கை, அதற்கு நேரே அதன் வயது. 548, 561, 553, 790, 1020, 557... எல்லாம் மில்லியன் ஆண்டுக் கணக்கு. மேலும் கீழுமாக இழுத்து இழுத்துப் பார்த்தேன். நான் தேடியது 200க்குக் கீழே ஒரேயொரு எண். அது எங்கேயும் இல்லை. அந்தக் கோப்புக்காக நான் கொடுத்தது 324,000 ரூபாய். அம்மா "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன். அன்றிரவு சாப்பிடவில்லை.

நான் பாடசாலை ஆசிரியர், பல்கலைக்கழகத்தில் படித்தது புவியியல். நம் நாட்டில் புவியியல் என்றால் பூகோளம். பாறையைப் படிப்பது புவிச்சரிதவியல். பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் வேறு ஊர். அது தெரியாமல் இல்லை, ஆனாலும் பகுதிநேர முதுதத்துவமாணிக்குப் பதிந்தபோது பாறையில்தான் கைவைத்தேன். 2011இல் மன்னார்க் கடலில் இயற்கைவாயு கண்டுபிடித்த செய்தி வந்த நாளிலிருந்து தொற்றிய ஆசை அது. பேசாலையில் 1970களில் ரஷ்யர்களின் உதவியோடு எண்ணெய் தேடித் துளையிட்ட கதையைப் பெரியவர்கள் இப்போதும் சொல்வார்கள். இந்தியா, இலங்கை, அந்தாட்டிக்கா எல்லாம் ஒரே நிலமாக இருந்து பிரிந்தபோது உண்டான பள்ளத்தில் நிரம்பிய மண்தான் அங்கே கிலோமீற்றர்க் கணக்கில் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் கரையோர விளிம்பு நம் வன்னிக்குள் எங்கே வந்து முடிகிறது, அங்கே கிடக்கும் மண் எந்தக் காலத்தது என்பதுதான் என் கேள்வி.

முருங்கன் பக்கத்தில் மேலே கறுத்தக் களி. கோடையில் கால் புதையும் அளவுக்கு வெடிக்கும். அதற்குக் கீழே சுண்ணக்கல். கிழக்கே போகப் போகச் சுண்ணக்கல் மெலிந்து, பிறகு பழைய கருங்கல் வந்துவிடும். அந்த ஓரத்தில் 2021 யூலையில் ஒரு முஸ்லிம் நானா தோட்டத்துக்கு வெட்டுக்கிணறு தோண்டுவதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றேன். சுண்ணக்கல்லுக்குக் கீழே சாம்பலும் மஞ்சளுமாக மணற்கல் வந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. புத்தளம் மாவட்டத்தில் தப்போவையிலும் ஆண்டிகமவிலும் யுராசிக் காலத்துப் படைகள் உண்டு, டைனோசர் காலத்து மண். இதுவும் அதே காலமாக இருந்துவிட்டால்? கோப்பில் 200க்குக் கீழே எண் தேடியது இதற்காகத்தான். ஒரு வாத்தியார், ஒரு கிணறு, ஒரு கண்டுபிடிப்பு என்று மனம் ஓடிவிட்டது. அந்த ஓட்டத்தில்தான் எல்லாப் பிழையும் நடந்தது.

முதற்பிழை மிகச் சின்னது. கிணற்றிலிருந்து வந்த மணற்கல்லில் பத்துக் கிலோ அளவு உரப்பையில் போட்டுக் கட்டினேன். எந்த ஆழத்தில் எடுத்தது என்பதைக் கடதாசியில் பேனாவால் எழுதி உள்ளே வைத்தேன். கல் ஈரம். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் கடதாசி கூழாகிவிட்டது. மூன்று பையில் எது மேலே, எது கீழே என்று தெரியாது. திரும்பப் போனால் கிணற்றுக்கு வளையம் இறக்கிச் சீமெந்து பூசியாகிவிட்டது. இப்போது நான் செய்வது இதுதான்: அழியாத மையால் பையின் வெளியே ஒருமுறை, பிளாஸ்ரிக் துண்டில் எழுதி உள்ளே ஒருமுறை, கொப்பியில் ஒருமுறை, கைபேசியில் அளவுகோலோடு ஒரு படம். ஆழத்தை "இருபது அடி இருக்கும்" என்று கிணறு வெட்டுகிறவர் சொல்வதை எழுதாமல் கயிற்றில் முடிச்சுப்போட்டு நீங்களே அளவுங்கள். அவர்களுடைய அடி வேறு, அளவுநாடாவின் அடி வேறு.

குழாய்க்கிணறு அடிக்கிற லொறிக்காரரிடமும் கற்சில்லு வாங்கிப் பார்த்தேன். வெட்டுக்கிணற்றை விட அது சுலபம்தான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. துளைக்கும்போது மேற்படையில் இருந்து உதிர்வதும் கீழ்ப்படைச் சில்லோடு கலந்துதான் வெளியே வரும். 100 அடியில் வந்த சில்லுக்குள் 30 அடிச் சிப்பி இருக்கலாம். அதனால் ஒரு உயிர்ச்சுவடு மேலிருந்து கீழே போகும்போது முதன்முதல் எங்கே தலைகாட்டுகிறது என்பதை நம்பலாம், எங்கே மறைகிறது என்பதை நம்பக்கூடாது. இதை எனக்கு யாராவது ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நான் இரண்டு மாதம் செலவழித்து, ஒரு பட்டியலைப் போட்டுக் கிழித்த பிறகுதான் விளங்கியது.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். பாறை வெளித்தெரிகிற இடத்தைத் தேடிப் பற்றைக்குள் இறங்குகிற பழக்கம் வெளிநாட்டுப் புத்தகங்களில் இருந்து எனக்கு வந்தது. ஒருநாள் ஓடைக்கரையோரம் நடந்துகொண்டிருந்தேன். மாடு சாய்த்துவந்த ஒரு ஐயா தூரத்திலிருந்து "தம்பி, உதால போகாதை, மாடே போகாத இடம்" என்று கத்தினார். அப்படியே நின்றுவிட்டேன். வந்த தடத்திலேயே காலை வைத்துத் திரும்பினேன். அங்கே கண்ணிவெடி எதுவும் இல்லாமலும் இருந்திருக்கலாம். எங்கள் மண்ணில் அதைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. கிராம சேவகரிடம் கேளுங்கள், அதைவிட மாடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். ஒரு கல்லுக்காகக் கால் போகவேண்டாம்.

சரி, சிர்க்கோன் கதைக்கு வருகிறேன். ஊரில் யாரைக் கண்டாலும் "கார்பன் பார்த்தீங்களா சேர்?" என்றுதான் கேட்டார்கள். அதில் அளப்பது கார்பன் 14ஐ, அதன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 5,730 ஆண்டு. 50,000 ஆண்டைத் தாண்டினால் எண்ணுவதற்கு அதில் எதுவும் மிஞ்சாது, கோடிக்கணக்கான ஆண்டுப் பாறைக்கு அது சரிவராது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சின்ன அறிவு கொடுத்த பெருமையில், நான் தெரிந்தெடுத்த முறை சரிதான் என்று நினைத்துவிட்டேன். சிர்க்கோன் என்பது மணலுக்குள் இருக்கும் பாரமான, உழுந்தில் நூற்றில் ஒரு பங்கும் வராத மணி. புல்மோட்டைக் கனியமணலில் கறுப்பு இல்மனைற்றோடு இருப்பது இதுதான். உருகிய பாறைக்குள் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே வாங்கும், ஈயத்தைப் பெரும்பாலும் வாங்காது. உள்ளே போன யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகும். யுரேனியம் 238 பாதியாகக் குறைய ஏறக்குறைய 447 கோடி ஆண்டு. இரண்டின் விகிதத்தை அளந்தால் மணி பிறந்த காலம் தெரியும். உலகம் முழுக்கச் செய்கிறார்கள், கட்டுரை கட்டுரையாக வருகிறது. மணற்கல்லுக்கு வயது பார்க்க இதுவே வழி என்று நானாகவே முடிவெடுத்தேன்.

2022 சனவரியில் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று 900 டொலர் என்றது. அப்போது டொலர் 203 ரூபாய், 182,700 ரூபாய் வரும் என்று கணக்குப் போட்டுச் சீட்டுக்காசை ஒதுக்கினேன். பொதியைக் கூரியரில் கொடுத்தேன். கல் அனுப்ப அனுமதி வேண்டும் என்று மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. அவர்களில் பிழையில்லை. கனியம், பாறை எதையும் நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு முன் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். ஆய்வு மாதிரிதானே, விற்கிற கல்லா என்று நான் வாதாடிப் பிரயோசனமில்லை. அந்தத் தாளுக்கு அலைந்து முடிப்பதற்குள் மார்ச் வந்துவிட்டது, ரூபாயை மிதக்கவிட்டார்கள். யூனில் காசு கட்டும்போது டொலர் 360. வங்கியிலும் எடுக்க முடியாமல் ரொறன்ரோவில் இருக்கிற மச்சானின் அட்டையில் கட்டி, அவருடைய வீட்டுக்கு இங்கே ரூபாயாகக் கொடுத்தேன். மச்சான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கல்லை உடைத்து, கழுவி, பாரமான பங்கை மட்டும் அனுப்பினால் விலை குறையும் என்பதால் அந்த வேலையை வீட்டிலேயே செய்திருந்தேன். அம்மாவின் பழைய உரலில் இடித்து, அரித்து, கிணற்றடியில் தாம்பாளத்தில் சுழற்றிச் சுழற்றி. அரிசியில் கல் அரிக்கிற அதே கைவேலைதான், இங்கே அடியில் தங்குவதுதான் தேவை. இதைச் செய்யப் போகிறவர்களுக்கு: ஒரு மாதிரியை முடித்தால் அரிதட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். கண்ணியில் சிக்கிய ஒரு மணி அடுத்த மாதிரிக்குள் விழுந்தால் உங்கள் முழு முடிவும் பொய்யாகும். 200 ரூபாய்த் தட்டை மிச்சம்பிடித்து மூன்று இலட்சத்தைச் சந்தேகத்துக்குள் தள்ளாதீர்கள். எத்தனை மணி அளப்பார்கள் என்பதையும் காசு கட்டுவதற்கு முன் கேளுங்கள். நூற்றில் ஐந்துக்கு மேல் இருக்கிற எந்த வயதுக்கூட்டத்தையும் தவறவிடக்கூடாது என்றால் 117 மணி வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு வந்தது 111. பரவாயில்லை, என் பிரச்சினை எண்ணிக்கையில் இருக்கவில்லை.

பிரச்சினை என்னவென்று கோப்பு வந்து பத்து நாளுக்குப் பிறகுதான் விளங்கியது. ஆய்வு வழிகாட்டிக்கு அனுப்பினேன், "சுவாரசியமாக இருக்கிறது, பேசுவோம்" என்று பதில் வந்தது. பேசவில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற ஒரு புவிச்சரிதவியல் ஐயாவை வவுனியாவில் பிடித்தேன். கோப்பை ஒரு நிமிடம் பார்த்தார். "தம்பி, நீங்கள் எந்த வருசம் திரும்ப வந்து குடியேறினீங்கள்?" என்று கேட்டார். 2010 என்றேன். "வீட்டுக் கதவு?" இடிந்த பழைய வீட்டின் கதவை, நிலையோடு கழற்றி வைத்திருந்ததைத்தான் புது வீட்டுக்கு மாட்டினோம், தாத்தா காலத்து முதிரை. சொன்னேன். "அப்ப அந்தக் கதவின்ர வயசைக் கேட்டு வீட்டின்ர வயசைச் சொல்லலாமோ?" என்றார். அவ்வளவுதான். எனக்குக் காது சுட்டது.

சிர்க்கோன் சொன்னது மணி பிறந்த காலத்தை. அது மணற்படையில் வந்து படிந்த காலத்தை அல்ல. எங்கள் காலுக்குக் கீழே இருக்கிற பழைய கருங்கல்லுக்குப் புவிச்சரிதவியலாளர் வைத்த பெயரே வன்னித் தொகுதி. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுக்கு முன் கண்டங்கள் மோதி வெந்த பாறை அது. அதற்குள் 100 கோடி ஆண்டு தாண்டிய மணிகளும் உண்டு. அந்தப் பாறை அரித்து, அருவி ஆறு மாதிரி ஏதோ ஒரு பழைய ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலில் அதே மணிகள்தான் இருக்கும். யுராசிக் காலத்தில் கொட்டினாலும் 55 கோடி, போன மாரியில் கொட்டினாலும் 55 கோடி. இளைய மணியின் வயதை விடப் படை முந்தியதாக இருக்க முடியாது என்ற ஒரு வரம்பு மட்டும்தான் கிடைக்கும். எரிமலை இருக்கிற கரையோரங்களில் சாம்பலோடு புதிதாகப் பிறந்த மணியும் வந்து விழும், அங்கே இளைய மணியின் வயது படையின் வயதுக்கு நெருங்கி வரும். நான் வாசித்த கட்டுரைகள் பலவும் அப்படிப்பட்ட இடங்களைப் பற்றியவை. நம்முடையது எரிமலை இல்லாத அமைதியான பழைய விளிம்பு. இங்கே அது வராது.

ஆகவே ஒரு முறையைத் தெரிவதற்கு முன் அந்த மணிக்கூடு எப்போது ஓடத் தொடங்கியது என்று கேளுங்கள். மணி பிறந்தபோதா, உயிர் செத்தபோதா, மணல் கடைசியாக வெயில் கண்டபோதா, சிப்பி கடல்நீரை வாங்கி ஓடு கட்டியபோதா. உங்கள் கேள்வி அந்த நேரத்தைப் பற்றியதா என்று பாருங்கள். ஆய்வுகூடம் இதைச் சொல்லாது. நீங்கள் கேட்டதை அளந்து தருவார்கள். அளவு மிகச் சரியாக இருந்தது, அதில் எனக்கு முறைப்பாடே இல்லை.

ஐயா அன்று கேட்ட இரண்டாவது கேள்வி இன்னும் மோசம். "மணலுக்கு இடையில களி ஏதும் வரேல்லையோ, சாம்பல் நிறத்தில?" வந்தது. நாறியது. சேறு என்று நான்தான் தள்ளிவிடச் சொன்னேன். மேலே இருந்த சுண்ணக்கல்லிலும் ஒரு துண்டு எடுக்கவில்லை, எனக்கு வேண்டியது மணற்கல் என்பதால். அவர் தலையில் கைவைத்தார். சுண்ணக்கல்லின் காலத்தை 1923இலேயே வேலண்டும் டேவிஸும் இலங்கையின் மயோசீன் காலப் பாறை பற்றிய கட்டுரையில் எழுதிவிட்டார்கள், அதை வாசித்தீரா என்றார். இல்லை. நூறு வருடப் பழைய கட்டுரையை யார் வாசிப்பார் என்று நினைத்திருந்தேன்.

நவம்பரில் திரும்பப் போனேன். அப்போது எரிபொருள் பங்கீடு, கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல். முருங்கன் போய்வர அது மட்டுமட்டு, அந்தக் கிழமை பாடசாலைக்குச் சைக்கிள்தான். கிணற்று மண் வேலியோரம் மேடாகக் கிடந்தது, மாரி மழையில் பாதி கரைந்து. நானா அலவாங்கால் கிளறி உதவினார். "அந்த நாத்தம் புடிச்ச களியையா தம்பி? அதை வாழைக்கெல்லே போட்டுட்டன்" என்றார். வாழையடியில் தோண்டினோம். மேற்பகுதி காற்றுப்பட்டுப் பழுப்பாகிவிட்டது, அது உதவாது. கட்டிகளை உடைத்தபோது நடுவில் கருஞ்சாம்பல் நிறம் மிஞ்சியிருந்தது. களிக்குள் தேடுவது அந்தக் காலத்து மகரந்தத்தை, இன்றைய மகரந்தம் அதில் கலந்திருக்குமோ என்ற பயத்தில் கட்டியின் நடுவை மட்டும் சுத்தமான கத்தியால் வெட்டி எடுத்தேன். களி சாம்பலாக, கறுப்பாக இருந்தால் பழைய மகரந்தம் உள்ளே பிழைத்திருக்கும். சிவந்து போனால் எரிந்து போனதற்குச் சமம். நாறுகிற மண்ணைத் தூக்கி எறியாதீர்கள்.

சுண்ணக்கல்லை 0.03 மில்லிமீற்றர் தகடாக அராவி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது வட்டத் தட்டுகளாக ஒரு உயிர் நிறைந்திருந்தது, ஃபொராமினிஃபெரா என்கிற, ஓடு கட்டும் ஒற்றைக்கல உயிர்க் கூட்டத்தைச் சேர்ந்தது. தகடு தேவையே இல்லை, கல்லை நனைத்தால் வெறுங்கண்ணுக்கே சில தெரிந்தன. படங்களைக் கேரளத்து ஆய்வாளர் ஒருவருக்கு அனுப்பினேன், கொல்லம் பக்கத்துச் சுண்ணக்கல்லில் இருக்கிற டாபெரினா மலபாரிக்கா என்று அன்றிரவே பதில். யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லிலும் அதே உயிர்தான் பதிவாகியிருக்கிறது. மயோசீன் முற்பகுதியின் பின்பாதி, ஏறக்குறைய 2 கோடிக்கும் 1 கோடியே 60 இலட்சத்துக்கும் இடைப்பட்ட காலம். செலவு, தகடு வெட்டிய 4,500 ரூபாய். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஒரு சிப்பி ஓட்டில் ஸ்ட்ரோன்சியம் அளந்தோம். அந்தக் காலத்தில் கடல்நீரில் ஸ்ட்ரோன்சியத்தின் இரண்டு வகை அணுக்களின் விகிதம் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது, அதனால் மயோசீன் முற்பகுதிக்கு அது நன்றாக வேலை செய்யும். ஆனால் ஓடு கெடாமல் இருக்கவேண்டும். வெள்ளையாக, மாவாக, பளிங்காக மாறிய ஓடு பிற்காலத்து நிலத்தடி நீரின் கதையைச் சொல்லும். படைபடையாக உரிகிற, மினுக்கம் போகாத முருச்சிப்பி ஓட்டைத் தேடிப் பாருங்கள். 1 கோடியே 80 இலட்சம் அளவில் வந்தது.

களியின் முடிவு 2023 ஓகஸ்டில் வந்தது. அதைக் கரைக்க ஐதரோபுளோரிக் அமிலம் வேண்டும், கையில் பட்டால் எலும்புவரை போகும், வீட்டில் நினைத்தும் பார்க்கவேண்டாம். இந்தியாவில் ஒரு ஆய்வுகூடத்தில் செய்தார்கள், இந்தமுறை அனுமதித் தாளோடு. பூக்கும் தாவரங்களின் மகரந்தம் தாராளமாக இருந்தது, கண்டல் மகரந்தமும் கூட. யுராசிக் காலத்தில் அந்த வகை மகரந்தமே கிடையாது. என் டைனோசர் மண் அன்றோடு போனது. சுண்ணக்கல் படிவதற்குச் சற்று முன், கடல் மெல்ல உள்ளே ஏறிவந்த காலத்துக் கண்டற்கரை அது என்றுதான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏமாற்றம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். முருங்கன் பக்கம் போகும்போது வயல்வெளியைப் பார்த்து இங்கே கண்டற்காடு நின்றது என்று நினைத்தால் ஒரு சந்தோசம் வரும், அது வேறு.

இரண்டாவது சுற்று முழுவதற்கும் எனக்கு முடிந்தது 71,000 ரூபாய். முதற்சுற்றில் போனது நான்கு இலட்சத்துக்கு மேல், பதினைந்து மாதம் தனி. சிர்க்கோன் கோப்பை ஐயா எறியவேண்டாம் என்றார், மணல் எங்கிருந்து வந்தது என்ற அத்தியாயத்துக்கு அது உதவுமாம். உதவுகிறதுதான். மூன்று இலட்சத்துக்கு நான் அந்த அத்தியாயத்தை வாங்கியிருக்கமாட்டேன்.

போன மாதம் நானாவுக்கு வயதைச் சொல்லப் போனேன். ஒரு கோடியே எண்பது இலட்சம் என்றதும் கொஞ்சநேரம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "அதான் தண்ணி இப்பிடி உவர்க்குது" என்றார். எங்கள் வீட்டிலும் ஒரு துண்டு மிஞ்சியது, தட்டையான பெரிய சுண்ணக்கல். அம்மா அதைக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கப் போட்டுவிட்டா. அதன் ஓரத்தில் முழுச் சிப்பி ஒன்று, கெடாமல், மினுங்கிக்கொண்டு இருக்கிறது. உடைத்து எடுக்கவா என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன், விடமாட்டேன் என்கிறா.